ஒன்பது கணு

1935-ஆம் வருஷம் கார்த்திகை பிறந்ததுமே கூடலூர்ப் பக்கம் எலி விழத் தொடங்கியது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் பத்து நாளில் மனிதர்களும் விழுவார்கள் என்பது பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு சனங்கள் வயலோரம் சோளத்தட்டைக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் காலி செய்த வீடுகளுக்குள் பிளேக் சிப்பந்திகள் நுழைந்து, எலி வளைகளில் விஷத் தூளை அடித்துக் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள்.

அந்தச் சிப்பந்திகளுக்கு மேஸ்திரி வேலுச்சாமி. முப்பத்திரண்டு வயது. ஐந்து வருஷமாகப் பம்பு பிடிக்கிறவன். சாம்பல் நிறத்தில் இருக்கும் அந்தத் தூள் ஈரக்காற்றுப் பட்டதும் நஞ்சுப் புகையாக மாறும். காலால் மிதிக்கிற பம்பில் அதை அடைத்து, ரப்பர் குழாயை வளைக்குள் செருகி மிதித்தால், சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் எலி போன வழியெல்லாம் புகை போகும். இந்த வேலையில் கூட இருந்த இரண்டு பேர் முந்தின வருஷம் பயந்து ஓடிவிட்டார்கள். அதனால் ராக்கையா வேலை கேட்டு வந்து நின்றபோது சுகாதார இன்ஸ்பெக்டர் ஜெபமணி வேறொன்றும் விசாரிக்கவில்லை.

"இந்தாளுக்கு நீதான் தொழில் கத்துக் கொடுக்கணும் வேலுச்சாமி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ராக்கையாவுக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். குத்தகைக்கு உழுத நிலம் கைவிட்டுப் போன பிறகு வண்டி ஓட்டியவர். எழுத்து தெரியாது. தன்னைவிட மூத்தவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று வேலுச்சாமிக்கு முதல் நாள் கூச்சமாக இருந்தது. ராக்கையாவே அதைத் தீர்த்து வைத்தார்.

"எனக்கு எழுத்து வராது மேஸ்திரி. ஆனா காதுல விழுந்தது போகாது. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் கணுவுல வச்சுக்கிருவேன்."

சொன்னபடியே செய்தார். வேலுச்சாமி ஒன்று சொல்லுவான். ராக்கையா கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்து அழுத்தி, அதைத் திருப்பிச் சொல்லுவார். அடுத்ததற்கு அடுத்த கணு. வீட்டில் ஆள் இல்லை என்று கூப்பிட்டுப் பார்ப்பது முதல் கணு. காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது இரண்டாவது. வளைகளை எல்லாம் எண்ணி, ஒன்றை மட்டும் விட்டு மற்றதைச் சேற்றால் அடைப்பது மூன்றாவது. இப்படியே போய், மூன்று விரல்களில் ஒன்பது கணு நிறைந்தது. தினம் காலையில் பம்பைத் தொடுவதற்கு முன்னால் ஒன்பதையும் ஒரு தடவை தொட்டுச் சொல்லிக்கொள்வார்.

ஆறாவது கணுவைச் சொல்லிக் கொடுத்த நாள் வேலுச்சாமிக்கு நன்றாக நினைவிருந்தது. கூடலூரில் ஒரு வாணியர் வீட்டில் ராக்கையா மிதித்துக்கொண்டிருந்தபோது சுவருக்குள் படபடவென்று சத்தம் கேட்டது. ராக்கையா காலை எடுத்துவிட்டார்.

"ஏண்ணே நிறுத்துனீக?"

"என்னமோ துடிக்குது மேஸ்திரி."

"எலி துடிக்கும். புகை ஏறுனா முட்டும், பிறாண்டும். சத்தம் கேட்டு நிறுத்திட்டா பாதி எலி தப்பிச்சு அடுத்த தெருவுல போயி விழும். சத்தம் அடங்குற வரைக்கும் மிதிக்கணும். எந்தச் சத்தம் கேட்டாலும் காலை எடுக்கப்படாது."

"எந்தச் சத்தம் கேட்டாலும் காலை எடுக்கப்படாது" என்று ராக்கையா கணுவை அழுத்திக்கொண்டார்.

ஒரே மாதத்தில் அவர் வேலுச்சாமியை விடச் சுத்தமாக வேலை செய்தார். ஒரு வளையையும் தவற விடுவதில்லை. ஜெபமணி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "நல்லாப் பழக்கியிருக்கே" என்று சொன்னபோது வேலுச்சாமிக்கு உச்சி குளிர்ந்தது. தன் பேச்சு ஒரு வார்த்தை சிந்தாமல் இன்னொரு மனிதருக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவனுக்குப் பெருமையாக இருந்தது.

மார்கழி நடுவில் நாகையன்பட்டியில் எலி விழுந்தது. கூடலூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய மண்சுவர் வீடுகள். சனங்கள் பாதிக்கு மேல் வயலுக்குப் போய்விட்டார்கள். மூன்று நாளில் கீழத்தெருவை முடிக்க வேண்டும் என்று ஜெபமணி அவசரப்படுத்தினார். இரண்டாம் நாள் காலையில் தூள் டப்பா தீர்ந்துபோனது. வேலுச்சாமி உத்தமபாளையம் போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

"இன்னிக்கு வேலை நின்னு போகுமா?" என்று ஜெபமணி கேட்டார்.

"நிக்காது அய்யா. பம்புல அரைவாசி இருக்கு. ராக்கையா அண்ணன் பாத்துக்கிருவாக. என்கிட்ட உள்ளது அம்புட்டும் அவுககிட்ட இருக்கு."

அன்று மத்தியானம் ராக்கையா கீழத்தெருவில் ஐந்தாவது வீட்டுக்குப் புகை அடித்தார். ஒன்பது கணுவும் பிசகவில்லை. ஆள் இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்த்தார். காற்றைப் பார்த்தார். வளைகளை அடைத்தார். மிதித்தார். ஆறாவது வீட்டில் பூட்டுத் தொங்கியதால் அதை விட்டுவிட்டார். அது அம்மாவாசி என்ற சம்சாரியின் வீடு.

அந்தப் பூட்டின வீட்டுக்குள் அம்மாவாசியின் மனைவி இருளம்மாள் படுத்திருந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. வெளியே தெரிந்தால் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் போட்டிருந்த பிளேக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். அங்கே போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம். அம்மாவாசி அவளை உள்ளறையில் தானியக் குலுக்கைக்குப் பின்னால் படுக்க வைத்து, வெளியே பூட்டிவிட்டு, எல்லோரையும் போல வயலுக்குப் போய்விட்டான். நாளுக்கு இரண்டு தடவை, மாட்டுக்குத் தட்டை எடுக்க வருவது போல வந்து கஞ்சி ஊற்றிவிட்டுப் போவான்.

எலிகளுக்கு ஐந்தாவது வீடு ஆறாவது வீடு என்ற பிரிவு கிடையாது. வளை நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு நேராகக் குலுக்கையின் அடிக்குப் போயிருந்தது.

பொழுது சாயும் முன் அம்மாவாசி தூக்குச் சட்டியோடு வந்தான். பக்கத்து வீட்டுக் கதவில் பிளேக்காரர்கள் போட்டிருந்த சுண்ணாம்புக் குறியைப் பார்த்தான். தன் வீட்டுப் பூட்டை அவசரமாகத் திறந்தான். கதவு உள்பக்கம் முட்டியது. இருளம்மாள் உள்ளறையிலிருந்து தவழ்ந்து வந்து வாசல் கதவை ஒட்டி விழுந்து கிடந்தாள்.

அம்மாவாசி கத்திய சத்தத்தில் முதலில் ஓடி வந்தவர் ராக்கையா. ஏழாவது வீட்டில் வளை தேடிக்கொண்டிருந்தவர், கையில் சேற்றோடு வந்தார். அவர்தான் அவளைத் தெருவுக்குத் தூக்கி வந்து போட்டார்.

டாக்டர் மறுநாள் வந்து பார்த்தார். நெறியைப் பார்த்தார். பிளேக் என்றே எழுதினார். எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஜெபமணியிடம் சொன்னார். அது அம்மாவாசியின் காதில் விழுந்தது.

"காலைல கஞ்சி குடிச்சா. நார்த்தங்காய் வேணும்னு கேட்டா. பொழைக்க மாட்டாளாமே" என்று அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான்.

ஜெபமணி தனியாக ஒரு விசாரணை வைத்தார். சாவடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ராக்கையா ஒரு பக்கம், வேலுச்சாமி ஒரு பக்கம்.

"சுவரை ஒட்டின வீட்டையும் பாத்துட்டுத்தான் அடிக்கணும். பூட்டியிருந்தா ஆளைக் கூப்பிட்டுத் திறக்கணும். இதை இவருக்குச் சொல்லிக் கொடுத்தியா வேலுச்சாமி?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த கணத்தில்தான் வேலுச்சாமிக்குத் தான் என்ன செய்து வந்திருக்கிறோம் என்பதே தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேவாரம் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு அடித்தபோது பக்கத்து வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். ஓடிப் போய்க் கதவை உடைத்து இழுத்துப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு பம்பை இறக்கி வைத்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்து வீடுகளைச் சுற்றி வருவான். பூட்டின வீடாக இருந்தால் அதன் கழிவுநீர் வெளியே வருகிற சலதாரையைப் பார்ப்பான். மண் காய்ந்திருந்தால் உள்ளே ஆள் இல்லை. ஈரமாக இருந்தால் யாரோ முகம் கழுவியிருக்கிறார்கள், பாத்திரம் அலம்பியிருக்கிறார்கள். கண் தானாக அங்கே போகும். அதை ஒரு வேலையாக அவன் நினைத்ததே இல்லை. நினைக்காததால் சொல்லவும் இல்லை. மேஸ்திரி தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றுதான் ராக்கையா நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

"கேக்குறேன்ல?"

"சொல்லிக் கொடுத்தேன் அய்யா" என்றான் வேலுச்சாமி.

ராக்கையா அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தொலைத்த பொருளைத் தேடுகிறவரின் பார்வையாக இருந்தது.

"மேஸ்திரி சொல்லியிருந்தா சொல்லித்தான் இருப்பாக. நான்தான் மறந்துட்டேன் போல அய்யா" என்றார்.

அன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஆறாம் நாள் காலையில், வாய்க்கால் படியில் வேலுச்சாமி பம்புக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராக்கையா வந்தார். முகத்தில் மயிர் மண்டியிருந்தது. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் மேஸ்திரி. அதை என்னிக்குச் சொன்னீக? எடத்தைச் சொன்னா எனக்கு ஞாபகம் வந்துரும். ஒம்பதுக்கும் எடம் இருக்கு. காத்து பாக்குறது கூடலூர்ல அரசமரத்தடில சொன்னீக. சேறு குழைக்குறது செக்கடில. இதுக்குத்தான் கணு அகப்பட மாட்டேங்குது."

வேலுச்சாமி குழாயைத் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னான். "தேவாரத்துல வேலை பாத்தப்பச் சொன்னேண்ணே."

"தேவாரத்துக்கு நான் வரலியே. கூடலூர்லதான வந்து சேந்தேன்."

வேலுச்சாமி குழாயைத் திரும்பவும் தண்ணீரில் முக்கினான். ராக்கையா எழுந்தார்.

"அப்பக் கூடலூராத்தான் இருக்கும். நான் இன்னுங் கொஞ்சம் யோசிச்சுப் பாக்குறேன்."

வேட்டியைத் தட்டிவிட்டு வரப்பில் நடந்து போனார். திட்டியிருந்தால் வேலுச்சாமி எதிர்த்துப் பேசியிருப்பான். அவர் திட்டவில்லை. அவனுக்கும் சேர்த்து ஒரு பொய்யைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

அன்று மேலத்தெருவில் வேலை. பம்பை இறக்கி வைத்தான். கால் பக்கத்து வீட்டை நோக்கி நடந்தது. கண் சலதாரைக்குப் போனது. காய்ந்த மண். திரும்பி வந்து மிதிகட்டையில் காலை வைத்தான். கால் மிதிக்கவில்லை. சேறு குழைக்க வந்திருந்த கூலியாள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். வேலுச்சாமி பம்பை அப்படியே போட்டுவிட்டு வெயிலில் கூடலூர்ச் சாலையில் நடந்தான்.

ராக்கையாவின் குடிசை புளியந்தோப்பை ஒட்டி இருந்தது. வெளியே அவர் மனைவி மொக்கம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேலுச்சாமியைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாங்க. என்ன சொல்லிக் குடுத்தீகளோ தெரியல, எந்நேரமும் விரலை விரலைத் தொட்டுக்கிட்டுக் கிடக்காக. சோத்துல கை வச்சாலும் எண்ணுறாக. பைத்தியம் புடிச்சிருமோன்னு பயமா இருக்கு எனக்கு" என்றாள்.

ராக்கையா உள்ளே கோணி மேல் உட்கார்ந்திருந்தார். வேலுச்சாமி வாசலிலேயே நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னான்.

"நான் சொல்லலண்ணே. எந்த எடத்துலயும் சொல்லல. எனக்கே அது தோணல. அய்யா கேட்டதும் பயந்துபோயிப் பொய் சொல்லிட்டேன்."

ராக்கையாவின் கட்டைவிரல் மோதிரவிரலில் நின்றது.

"அப்ப நான் மறக்கல" என்றார் மெதுவாக.

"மறக்கல."

அவருடைய தோள் இறங்கியது. ஒரு பெருமூச்சு வந்தது. அது முழுதாக வெளியே வருமுன் முகம் மாறிவிட்டது.

"எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு மேஸ்திரி."

மொக்கம்மாள் வெளியிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

"அய்யாகிட்டச் சொல்லல. இவகிட்டயும் சொல்லல. மிதிக்கயில சுவத்துக்கு அங்கிட்டு என்னமோ தட்டுச்சு. எலி அப்பிடித் தட்டாது. விட்டு விட்டுத் தட்டுச்சு. காலை எடுக்கப் போனேன். ஆறாங் கணு ஞாபகம் வந்துச்சு. மேஸ்திரி சொல்லியிருக்காகன்னு அழுத்தி மிதிச்சேன். சத்தம் அடங்குற வரைக்கும் மிதிச்சேன்."

மொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலுச்சாமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். சொல்லாமல் விட்டது ஒன்றுதான் தப்பு என்று நினைத்து வந்திருந்தான். சொன்னதும் சேர்ந்து கொன்றிருக்கிறது.

ராக்கையா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"எந்திரிங்க. என்கிட்டச் சொன்னா ஆச்சா? அந்தாளுகிட்டச் சொல்லணும்."

அம்மாவாசி வயலோரக் குடிசையில் தனியாக இருந்தான். கயிறு திரித்துக்கொண்டிருந்தான். இருவரும் அவன் எதிரே நின்று, முதலில் வேலுச்சாமியும் பிறகு ராக்கையாவும் சொன்னார்கள். அம்மாவாசி கயிற்றை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ராக்கையாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எம்புட்டு நேரம் தட்டுனா?"

வேலுச்சாமி நடுவில் பேச வாயெடுத்தான். ராக்கையா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு வெத்தலை மெல்லுற நேரம் இருக்கும்."

அம்மாவாசி தலையை ஆட்டினான். "பூட்டாம விட்டிருந்தா வெளிய வந்திருப்பா" என்றான். பிறகு, "போங்க. ரெண்டு பேரும் போயிருங்க. இங்கன நிக்காதீக" என்றான்.

அங்கிருந்து நேரே ஜெபமணியிடம் போனார்கள். அவர் எரிச்சல்பட்டார்.

"காகிதம் மேல போயாச்சு. பிளேக் சாவுன்னு முடிச்சாச்சு. இப்ப எதுக்குக் கிளறுறே? உன் வேலைக்குத்தான் கேடு."

"எழுதிக்கங்க அய்யா. நான் சொல்லிக் கொடுக்கல. பொய் சொன்னேன். அவுக மேல தப்பில்ல."

ஜெபமணி பேனாவைத் திறந்தார். அந்த வாரமே வேலுச்சாமியை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிச் சேறு குழைக்கிற ஆளாக வைத்தார்கள். ராக்கையாவைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தார். பம்பைத் தொட மாட்டேன் என்றார்.

"நான் முன்னால போறேன். ஒவ்வொரு வீடாப் பாத்துட்டு நான் கை காட்டுன பொறகு இவுக அடிக்கட்டும். பூட்டுன வீட்டுக்காரனை நானே வயக்காட்டுல போயிக் கூட்டியாறேன்."

அப்படி ஒரு வேலை இலாகாவில் கிடையாது. ஜெபமணி முணுமுணுத்தார். மூன்று நாளில் முடிகிற தெரு ஒரு வாரம் ஆனது. ஆனாலும் விட்டுவிட்டார். பம்பு மிதிக்க வேறு ஆள் இல்லாததால் அந்த வேலை திரும்ப வேலுச்சாமியிடமே வந்தது.

அந்த வருஷம் பூட்டின வீடுகளுக்குள் இரண்டு பேரை ராக்கையா கண்டுபிடித்தார். ஒரு கடைக்காரரின் அண்ணன், கொட்டகைக்குப் போன மூன்றாம் நாள் இறந்துபோனார். முருகம்மாள் என்ற சின்னப் பெண் பிழைத்துக்கொண்டாள். இரண்டு வீட்டாரும் ராக்கையாவைக் காட்டிக் கொடுத்தவன் என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வேலுச்சாமியிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசுவதில்லை. கஞ்சி குடிக்கிற நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வார். வேலுச்சாமியும் கிட்டே போகவில்லை. அவன் மட்டும் ஒரு காரியம் செய்யத் தொடங்கினான். தன் கையையும் காலையும் கண்ணையும் வேற்று மனிதனுடையதைப் போலக் கவனித்தான். குழாயைச் செருகுமுன் எதற்காகத் தலையைச் சாய்க்கிறோம், கதவைச் சாத்திவிட்டு ஏன் பத்து எட்டு நடந்து நிற்கிறோம் என்று பார்த்தான். பார்த்ததை அன்றன்றே ராக்கையாவிடம் போய்ச் சொன்னான். அவர் 'ம்' என்பார். கணு தொட மாட்டார்.

அடுத்த வருஷம் முத்துவீரன் என்பவன் புதிதாகச் சேர்ந்தான். வேலுச்சாமி அவனுக்கு முதல் நாளே சொன்னான்.

"எனக்குத் தெரிஞ்சது அம்புட்டும் உனக்குச் சொல்லிருவேன்னு நம்பாதே. நான் சொல்லாத ஒண்ணை என் கை செஞ்சா, அங்கனயே நிறுத்திக் கேளு. நான் சொன்னது தப்பாப் பட்டாலும் கேளு. கோவிக்க மாட்டேன்."

முத்துவீரன் கேட்டான். ஓயாமல் கேட்டான். சில கேள்விகளுக்கு வேலுச்சாமியிடம் பதில் இருந்தது. சிலவற்றுக்கு இல்லை. பதில் இல்லாதபோது மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஜெபமணி வந்து அதட்டினாலும் நின்றார்கள்.

அந்தத் தையில் ஒரு காலை வேலுச்சாமி டப்பா வாங்கிக்கொண்டு குமுளிச் சாலையில் வந்துகொண்டிருந்தான். சாலையோரம் அம்மாவாசி தெரிந்தான். நிலத்தை விட்டுவிட்டு ஏலத் தோட்டத்து வேலைக்கு மலையேறுகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வழியில் இளைப்பாற இறக்கி வைத்த மூட்டையைத் திரும்பத் தலைக்கு ஏற்ற முடியாமல், யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றான். சாலையில் வேறு ஆள் இல்லை.

வேலுச்சாமி தயங்கி நின்றான்.

"ஒரு கை பிடிங்க" என்றான் அம்மாவாசி.

வேலுச்சாமி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கி அவன் தலையில் வைத்தான். அம்மாவாசி சும்மாட்டைச் சரி செய்துகொண்டான். மலையை நோக்கி நடந்தான். வளைவு திரும்பி மறையும் வரை அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.